கிருஷ்ணகிரியிலிருந்து ஹுசைன் சாகர்: ஏரியை ஏரியாகவே பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்னூல் என்று அந்தச் சாலையை விடாமல் வடக்கே போனால் ஏறத்தாழ 660 கிலோமீட்டரில் ஐதராபாத். தருமபுரியிலிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூடும். போகிறவர்களில் பெரும்பாலோர் சார்மினார், கோல்கொண்டா, பிலிம் சிட்டி என்று நாட்களைப் பங்கு போட்டுவிட்டு, மிச்சம் மீதி ஒரு மணி நேரத்தை ஹுசைன் சாகருக்குக் கொடுப்பார்கள். படகேறி ஏரி நடுவே நிற்கும் புத்தர் சிலையின் காலடியில் ஒரு போட்டோ, கரையில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, அதோடு திரும்பிவிடுவார்கள்.

ஏரிப் பாசனத்தில் வளர்ந்த ஊர்க்காரர்கள் அப்படிப் பார்த்துவிட்டு வருவது வீண். அது பூங்காவுக்காகத் தோண்டிய குளம் அல்ல. தண்ணீர் வரும் வரத்து, கரை, மதகு, உபரி வழியும் கோடி எல்லாம் உள்ள பழைய ஏரி. அந்த உறுப்புகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு சிலைகளுக்கும் பூங்காக்களுக்கும் போனால் எல்லாமே வேறு மாதிரி விளங்கும். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது. முழுதாகப் பார்க்க ஒரு நாள் வேண்டும்.

புறப்படும் முன்: பாரூர் ஏரியில் ஒரு மாலை

முதல் வேலை ஐதராபாத்தில் இல்லை, காவேரிப்பட்டணத்துக்குத் தெற்கே இருக்கிறது. பாரூர் பெரிய ஏரிக்கு ஒரு மாலை போய் வாருங்கள். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக்குக் கீழே தென்பெண்ணையின் குறுக்கே நெடுங்கல் அணைக்கட்டு உண்டு. அங்கே திருப்பிவிடும் ஆற்று நீர் கால்வாய் வழியே வந்து பாரூர் ஏரியை நிரப்புகிறது. ஆற்றை மறிக்காமல், ஆற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கரை கட்டி, கால்வாயால் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் முறை இது. ஹுசைன் சாகரும் இதே வகைதான். மூசியாற்றின் துணை ஓடை ஒன்றின் குறுக்கே கரை கட்டி, மூசியிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பாரூரில் நான்கு விஷயங்களைக் கண்ணில் பதித்துக்கொண்டால் போதும். கரையின் உள்பக்கம் அலை அரிக்காமல் இருக்கக் கல் பாவியிருக்கும், வெளிப்பக்கம் மண்சரிவாக இருக்கும். மதகு கரைக்கு அடியில் போகும், அதைத் திறந்தால்தான் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி பாயும் வயல்களுக்கு, தண்ணீர். கோடி கரையின் உச்சியைவிடத் தாழ்ந்து இருக்கும், ஏரி நிறைந்ததும் உபரி அந்த வழியாகத்தான் தானாக வழிய வேண்டும். கரைக்கு வெளியே உள்ள நிலம் ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும். ஐதராபாத்தில் அதிகம் உதவப்போவது இந்தக் கடைசிச் செய்திதான்.

தெரிந்துகொண்டு போக வேண்டிய வரலாறு

கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மன்னர்களில் நான்காமவர் இப்ராஹிம் குலி. அவர் காலத்தில், 1562-63இல் இந்த ஏரி அமைந்தது. பணியை முன்நின்று நடத்தியவர் ஹுசைன் ஷா வலி. மன்னரின் மருமகன், சூஃபி பெரியவராகவும் போற்றப்படுபவர். ஏரி அவர் பெயரைத் தாங்குகிறது. ஐதராபாத் நகரம் எழுந்தது 1591இல், இப்ராஹிமின் மகன் முகம்மது குலியின் காலத்தில். அதாவது சார்மினாரைவிட ஏரிக்கு முப்பது வயது கிட்டத்தட்ட அதிகம். நகரத்துக்குள் ஏரி இருப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்கிறோம். உண்மையில் ஏரி முதலில் வந்தது, நகரம் பின்னால் வந்து அதைச் சூழ்ந்துகொண்டது.

1806இல் ஏரிக்கு வடக்கே ஆங்கிலேயப் படை முகாம் இருந்த பகுதிக்கு, நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்று பெயர் வந்தது. அதற்குப் பின் ஏரிக்கரையே இரண்டு ஊர்களையும் இணைக்கும் பாதை ஆகிவிட்டது. இன்று "டேங்க் பண்ட்" என்று எல்லாரும் சொல்லும் அகலமான சாலை அந்தக் கரையின் தலைதான்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசியில் வந்த பெருவெள்ளம் நகரத்தைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். நகரத்துக்கு மேலே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற நீர்த்தேக்கங்கள் எழுந்தன. குடிநீர் அங்கிருந்து வரத் தொடங்கியதும் ஹுசைன் சாகருக்கு இருந்த பழைய வேலை போய்விட்டது. ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியை மக்கள் காவல் காப்பார்கள். அந்த வேலை போனால் காவலும் போய்விடும். ஏரியின் பிற்காலச் சீரழிவுக்குத் தொடக்கம் இதுதான்.

எப்போது போவது

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை. அவர்களுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஏரி கோடி போவதைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பர். சுற்றிப் பார்க்க வசதியான காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கரையில் நிழல் குறைவு, நாற்றமும் அப்போதுதான் அதிகம்.

ஒரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிராக இருக்கும். கோடையிலும் இந்த ஏரி பெரிதாக வற்றாது. முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 513.41 மீட்டர், பெரும்பாலும் அதை ஒட்டியே தண்ணீர் நிற்கும். நகரத்தின் கழிவுநீர் ஆண்டு முழுக்க உள்ளே வருவது ஒரு காரணம். மதகு திறந்து நீர் கேட்க ஆயக்கட்டு இல்லாதது இன்னொன்று. நிறைந்து நிற்கிறதே என்று மகிழ வேண்டியதில்லை.

விநாயகர் சதுர்த்தி சமயத்தில் போவதானால் அதற்கென்றே போங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே தனியாக.

போய்ச் சேர்வது

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது என்பது ஊரறிந்த குறை. ஓசூர், தருமபுரி நிலையங்களிலிருந்து பெங்களூர் போய் அங்கே மாறுவது ஒரு வழி. பெங்களூரிலிருந்து காச்சிகுடாவுக்கு இரவு ரயில்கள் உண்டு. யஷ்வந்த்பூரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. சேலம் பக்கம் இறங்க முடிந்தவர்களுக்குச் சபரி எக்ஸ்பிரஸ் மாறாமல் செகந்தராபாத் வரை போகும். ஏரியை வடமுனையிலிருந்து தொடங்கப்போவதால் செகந்தராபாத்தில் இறங்குவதே நல்லது. காரில் போகிறவர்கள் ஷம்ஷாபாத்தைக் காலை எட்டு மணிக்குள் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நகருக்குள் ஊர்ந்துதான் போக முடியும்.

மொழி பிரச்சினையே இல்லை. தெலுங்கு வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கம் ஏராளம். கிருஷ்ணகிரி கடைவீதி உருது தெரிந்தால் இன்னும் நல்லது. ஆட்டோவில் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: வெறும் "டேங்க் பண்ட்" என்றால் மேலே கரைச் சாலையில் விடுவார்கள். "லோயர் டேங்க் பண்ட்" என்றால் கரைக்கு வெளியே, கீழே உள்ள சாலை. இரண்டும் வேறு வேறு. மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு படியோ வழியோ தேடி அலைபவர்கள் தினமும் உண்டு.

காலை 6 மணி: வடமுனையிலிருந்து கரைமேல் நடை

ராணிகஞ்ச் பக்கத்து முனையில் இறங்குங்கள். அருகிலேயே சைதானி மா கல்லறை இருக்கிறது. 1883இல் கட்டியது. நுணுக்கமான சுண்ணச் சாந்து வேலைப்பாடும் கல் சன்னலும் உள்ள சிறிய கட்டடம். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதில்லை, அதுவே இதைப் பார்க்க ஒரு காரணம்.

அங்கிருந்து தெற்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். கரை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வலப்பக்கம் ஏரி, இடப்பக்கம் பள்ளத்தில் நகரம். காலையில் சூரியன் உங்களுக்கு இடப்புறம், கரைக்கு வெளியே எழும். வெளிச்சம் ஏரிமேல் விழும். புத்தர் சிலையைத் தெளிவாகப் படமெடுக்கும் நேரம் இது. மாலையில் இதே இடத்தில் நின்றால் சூரியன் எதிரே ஏரிக்கு அப்பால் இறங்கும், சிலை கறுத்த நிழலுருவமாகத்தான் விழும். அஸ்தமனப் படம் வேண்டுபவர்களுக்கு அதுவும் அழகுதான், ஆனால் முகம் தெரியாது.

கரை நெடுகத் தெலுங்கு நாட்டுப் பெரியவர்களின் சிலைகள். 1980களில் என்.டி. ராமாராவ் முதல்வராக இருந்தபோது நிறுவியவை, முப்பதுக்கு மேல். நன்னயா, திக்கனா, போத்தனா, வேமனா, மொல்லா, அன்னமாச்சாரியார், க்ஷேத்ரய்யா என்று நீளும் வரிசை. தமிழர் நின்று பார்க்க இரண்டு பேர் உண்டு. ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜர். இன்னொருவர் சர் ஆர்தர் காட்டன். கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டைக் கட்டியவர் என்பதால் அவருக்கு இங்கே இடம். ஆனால் அவர் முதலில் கைதேர்ந்தது காவிரியில், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டிய மேலணையில். ஏரிக்கரையில் நிற்கத் தகுதி உள்ள சிலை எது என்று கேட்டால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

2011 மார்ச் 10 அன்று, தனித் தெலங்கானா போராட்டத்தின் மில்லியன் மார்ச் பேரணியில், இந்தச் சிலைகளில் பலவற்றை உடைத்தார்கள். தெலங்கானாவின் ஆட்களுக்கு இடமில்லையே என்ற கோபம் அது. பிறகு உடைந்தவற்றைச் சரிசெய்து வைத்தார்கள். கோண்டு பழங்குடித் தலைவர் கொமரம் பீமின் சிலை பின்னால் சேர்ந்தது. எந்தச் சிலை பழையது, எது மறுபடி வைத்தது என்று பீடத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டே நடக்கலாம்.

கோடியும் கீழ்க்கரையும்

பலரும் தவறவிடும் பகுதி இது. கரைச் சாலையை ஒட்டி மேரியட் ஓட்டல் இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் ஏரியின் உபரி வெளியேறும் இடம். நம் ஊர்க் கோடி மாதிரி புல்லும் பாறையுமாக எதிர்பார்க்காதீர்கள். சுவர்களுக்கு இடையே அடைபட்ட நாலா (ஓடைக்கால்) அது. அங்கிருந்து தண்ணீர் அசோக் நகர், நல்லகுண்டா வழியாகப் போய் அம்பர்பேட் பக்கம் மூசியில் சேரும். பெருமழை பெய்து ஏரி நிறைந்தால் அந்தத் தாழ்வான தெருக்களுக்குத்தான் முதலில் எச்சரிக்கை போகும். காரணம் எளிது: கோடிக்கால் அகலமாக ஓட வேண்டிய நிலத்தில் வீடுகள் வந்துவிட்டன. தருமபுரி, ஓசூர் ஏரிகளின் போக்குக் கால்வாய்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது லோயர் டேங்க் பண்டுக்கு இறங்குங்கள். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே ஓடும் வண்டிகளின் உயரம்தான் கரையின் உயரம். அந்தச் சுவருக்கு அப்பால், தலைக்கு மேலே, சில இடங்களில் 32 அடி வரை ஆழமுள்ள ஏரி நிற்கிறது. நாலரை நூற்றாண்டுக்கு முந்தைய கரை இன்று இரு நகரங்களின் வண்டிகளையும் சுமக்கிறது என்பது கீழே நின்றால்தான் உறைக்கும்.

இங்கே கட்ட மைசம்மா கோயில் உண்டு. நம் ஏரிக்கரை முனியப்பனுக்கு உள்ள அதே வேலை இந்த அம்மனுக்கு: கரை உடையாமல் காப்பது. தெலங்கானாவின் பழைய ஏரிகள் பலவற்றிலும் கரையோரம் மைசம்மா இருப்பாள். ஆடி மாத போனாலு திருவிழாவின்போது பெண்கள் தலையில் பானை சுமந்து வருவார்கள், அன்று இந்தச் சாலையில் வண்டி எடுக்க முடியாது.

தென்கரையும் புத்தரும்

தெற்கு முனையில் புதிய காலம் மொத்தமும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் திறந்த புதிய தலைமைச் செயலகம், அதே மாதம் 14ஆம் தேதி திறந்த 125 அடி அம்பேத்கர் சிலை (50 அடி பீடத்தோடு 175 அடி), ஜூனில் திறந்த தெலங்கானா தியாகிகள் நினைவகம். கடைசியது அகல் விளக்கு வடிவில் பளபளக்கும் எஃகுக் கட்டடம். வெயில் நேரத்தில் அதை நேராகப் பார்க்க முடியாது, கண் கூசும். இதே கரையில்தான் ராமாராவின் சமாதியும் அவர் பெயரிலான தோட்டமும். அனல் மின் நிலையம் ஒன்றும் 1920 முதல் இந்தக் கரையில் இயங்கியது. இன்று அது இல்லை.

படகுகள் லும்பினி பூங்காவிலிருந்து கிளம்பும். பூங்காவுக்கு ஒரு சீட்டு, படகுக்குத் தனிச் சீட்டு. பெரிய படகு கூட்டம் சேர்ந்ததும் புறப்படும். வேகப்படகு உடனே கிடைக்கும், காசு கூட. குழந்தைகள், வயதானவர்களோடு போனால் பெரிய படகே நல்லது. காற்று எழுந்தாலோ மழை வந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் இதை மாலைக்குத் தள்ளாமல் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். மிதவை அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காராமல், கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

சிலை நிற்கும் பாறைத் திட்டுக்கு ஜிப்ரால்டர் பாறை என்று பெயர். சிலை 58 அடி, ஒரே கல். புவனகிரிக்குப் பக்கத்து ராயகிரியில் வெட்டிய வெண் கிரானைட். எஸ்.எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் செதுக்கியது. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையைச் செய்தவர் வை. கணபதி ஸ்தபதி, இவர் வேறு ஒருவர். இருவரையும் ஒருவராக்கிச் சொல்லும் வழிகாட்டிகளைத் திருத்தலாம்.

1990 மார்ச் 10 அன்று மிதவையில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுபோகும்போது, கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே மிதவை சாய்ந்து சிலை ஏரிக்குள் விழுந்தது. தொழிலாளர்களும் உயிரிழந்தனர். இரண்டரை ஆண்டுக்கு மேல் ஏரிச் சேற்றில் கிடந்தது. 1992 டிசம்பர் 1 அன்றுதான் எடுத்து நிறுத்தினார்கள். கிருஷ்ணகிரி குவாரிகளில் நாற்பது டன் கல்லை லாரியில் ஏற்ற எத்தனை பேர் மூச்சைப் பிடித்து நிற்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, பல நூறு டன் ஒற்றைக் கல்லைத் தண்ணீர்மேல் நகர்த்துவது என்ன என்று புரியும். கல்லில் விரிசல் இல்லை. அருகே போனதும் பீடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, கல்லில் ஒட்டு எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது

மதியச் சாப்பாட்டுக்குப் பின் நெக்லஸ் ரோடு. இப்போது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் பி.வி. நரசிம்ம ராவ் மார்க், ஆட்டோக்காரர்களுக்குப் பழைய பெயர்தான் புரியும். புறநகர் ரயிலில் நெக்லஸ் ரோடு, சஞ்சீவையா பார்க் என்று நிலையங்களே உண்டு. வெயிலில் நடக்க வேண்டியதில்லை.

குகட்பல்லி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் என்ற நாலாக்கள் ஏரியில் வந்து சேர்கின்றன. பழைய வரத்துக் கால்கள் இவை. குகட்பல்லி நாலாதான் பெரியது. பாலாநகர், ஜீடிமெட்லா பக்கத்துத் தொழிற்பேட்டைகளின் கழிவும் வீடுகளின் சாக்கடையும் பல்லாண்டுகள் அதன் வழியே ஏரிக்கு வந்தன. இப்போது கழிவைத் தடுத்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் சாக்கடையும் மழைநீரும் கலந்து வரும்போது அந்தத் தடுப்பை மீறி ஏரிக்குள் போய்விடும். சுற்றுலாத் துண்டறிக்கைகள் இதைச் சொல்வதில்லை. பெங்களூர்க் கழிவால் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலையாகப் பொங்குவதைப் பார்த்த ஓசூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை. தண்ணீரில் கை, கால் நனைக்காதீர்கள். குழந்தைகளை விளையாட விடாதீர்கள். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் நாலா சேரும் இடங்களில் நிற்காமல் கடந்துவிடுவது நல்லது.

சஞ்சீவையா பூங்கா விரிந்தது, மரமும் நிழலும் உண்டு. 2016 ஜூன் 2 அன்று ஏற்றிய 291 அடிக் கொடிமரம் இங்கேதான். ஏரியை முழுச் சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். கால்நடையாகவே சுற்றுவேன் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, கரைமேல் நடந்து மற்றதை வண்டியில் முடிப்பதே புத்திசாலித்தனம்.

மாலை: பிர்லா மந்திர்

நௌபத் பஹாட் குன்றின்மேல் 1976இல் எழுந்த வெண்பளிங்கு வேங்கடாசலபதி கோயில். ஏரியை மேலேயிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. நடுப்பகலில் நடை சாத்திப் பிற்பகல் திறப்பார்கள், சூரியன் இறங்குவதற்கு முக்கால் மணி முன்னால் மேலே இருங்கள். கைபேசி, கேமரா எதையும் உள்ளே விடமாட்டார்கள். காப்பகத்தில் வரிசை நீளும், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். படமெடுக்க முடியாததால் கண்ணால்தான் பார்க்க முடியும்: காலையில் நடந்த கரை எது, கோடி எந்தப் பக்கம், நாலாக்கள் எங்கே சேர்கின்றன என்று தேடிப் பாருங்கள். நகரம் ஏரியின் நீர்ப்பிடிக்குள் எவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டது என்பதும் இங்கிருந்துதான் தெரியும். பக்கத்திலேயே கோளரங்கமும் அறிவியல் கூடமும் உண்டு, பிள்ளைகளோடு வந்தால் அரை மணி அங்கே போகலாம்.

விநாயகர் கரைப்பும் பதுகம்மாவும்

கைரதாபாத் பகுதியில் ஆண்டுதோறும் வைக்கும் விநாயகர் சிலை 1954இல் ஓர் அடி உயரத்தில் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடி என்று பல ஆண்டுகள் வளர்ந்தது, பிறகு சற்றுக் குறைந்து, 2019இல் 61 அடியைத் தொட்டது. கரைக்கும் நாளன்று தென்கரையில் பெரிய கிரேன்கள் வரிசையாக நிற்கும், நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் லாரிகள் வரும். அன்று டேங்க் பண்ட் பக்கம் வண்டிகளை விடமாட்டார்கள். மெட்ரோவில் லக்டி-கா-புல் அல்லது கைரதாபாத் நிலையத்தில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். அறையை மறுநாள் காலைக்கும் சேர்த்து எடுங்கள், இரவு ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தால் பிடிப்பது சந்தேகம். கரைத்த மறுநாள் இயந்திரங்கள் ஏரியிலிருந்து மரச்சட்டங்களையும் கம்பிகளையும் அள்ளிக் குவிப்பதையும் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்த விழாவின் முழுக் கணக்கு கிடைக்கும்.

அந்த அளவு கூட்டம் பிடிக்காதவர்கள் நவராத்திரி சமயத்து பதுகம்மாவுக்குப் போகலாம். பூக்களை அடுக்கிக் கோபுரமாகக் கட்டி, சுற்றி வந்து பாடி, கடைசி நாள் ஏரியில் விடுவார்கள். பூவும் இலையும்தான், தண்ணீருக்குக் கெடுதல் இல்லை. அன்று மாலை ஐந்து மணிக்கே கரையில் இடம் பிடித்துவிட வேண்டும்.